செவியும் கருவியும்

காலை எட்டு மணிக்குத் தாணே நிலையத்தில் நின்று பார்ப்போருக்கு ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். கூட்டத்தின் நடுவே ஒருவர் தாமாகவே பேசுகிறார், சிரிக்கிறார், கையை ஆட்டி யாரையோ கடிந்துகொள்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பாயின் இரக்கத்தோடு விலகி நின்றிருப்போம். இன்றோ அவர் காதை ஒரு முறை பார்த்துவிட்டு, ‘புளூடூத்’ என்று அறிந்து நம் வழியே போகிறோம்.

இப்பெயரின் வரலாறு சுவையானது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் அரசனின் பட்டப்பெயர் அது. ‘நீலப்பல்’ என்று பொருள்படும். பிரிந்து கிடந்த மக்களை அவன் ஒன்றுசேர்த்தான் என்பர். சுவீடனில் எரிக்சன் நிறுவனத்தார் 1994-இல் தொடங்கிய ஆராய்ச்சி, வெவ்வேறு கருவிகளைக் கம்பியின்றி ஒன்றுசேர்க்கும் முறையாக வளர்ந்தபோது, அவன் பெயரையே அதற்கு இட்டனர்.

கருவி வேலை செய்யும் முறையும் எளிதே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான வானொலி அலையில், வழக்கமான புளூடூத்துக்கு 79 அலைவழிகள் உண்டு. பேசியும் காதுக்கருவியும் வினாடிக்கு 1,600 முறை வரை ஒரு வழியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஒரே ரயில் பெட்டியில் நூறு பேர் பேசினாலும் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாமைக்கு இத்தாவலும், இணைத்த கருவிகளுக்குள் மட்டுமே செல்லும் மறைமொழியும் காரணம். எட்டும் தூரம் பொதுவாகப் பத்து மீட்டர். நம் உடலிலுள்ள நீர் இவ்வலையை உறிஞ்சும். ஆதலால் ஒற்றைக் கருவியை வலக்காதில் அணிவோர் பேசியை இடப்பக்கத்துப் பின்பையில் வைத்தால் ஒலி அறுபடலாம். பேசியையும் வலப்பக்கம் மாற்றுக.

இதனால் நம் இல்லங்களுக்கு விளைந்த நன்மை சிறிதன்று. ஊருக்குப் பேச ‘டிரங்க் கால்’ பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திரார். இன்று மாவு அரைத்துக்கொண்டே மகள் தாயுடன் பேசுகிறாள். தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே தந்தை மகனின் தேர்வைப் பற்றி விசாரிக்கிறார். கை வேலையில் இருக்கிறது. மனம் ஊரில் இருக்கிறது.

ஆயினும் இக்கருவி எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. என் தாயார் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் வாழ்பவர். நாள்தோறும் இரவு அவருடன் பேசுவதற்கென்றே இதை வாங்கினேன். சென்ற ஆண்டு அவர் எங்களோடு தங்க வந்தார். ஒரு ஞாயிறன்று இரு காதிலும் கருவியை மாட்டிக்கொண்டு, நண்பர் ஒருவருடன் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது எதிர்வீட்டு மராத்தி அம்மையார் சமையலறையில் என் தாயாரைத் தாங்கிப் பிடித்துச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். நீரிழிவு உள்ளவர், சர்க்கரை இறங்கி மயக்கம் வந்திருக்கிறது.

தெளிந்த பின் தாயார் சொன்னார்: “ரெண்டு தடவை கூப்பிட்டேன்யா. நீ யார்கூடயோ பேசிக்கிட்டிருந்தே. ஆபீஸ் விஷயமா இருக்கும்னு விட்டுட்டேன்.”

ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தபோது தெளிவாகக் கேட்ட குரல், பத்தடி தூரத்தில் கேட்கவில்லை! குற்றம் கருவியுடையதன்று. வெளி ஓசையைத் தன் ஒலிவாங்கியால் அறிந்து, அதற்கு நேர்மாறான அலையை எழுப்பி அடக்கும் வசதி அதில் இருந்தது. ரயிலின் இரைச்சலுக்கென அமைந்த அதனை வீட்டிற்குள்ளும் அணைக்காமல் இருந்தவன் நான்.

வீட்டைப் போன்றே வீதிக்கும் இது பொருந்தும். 1853 ஏப்ரல் 16-இல் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்த ஊர் நம் தாணே. இங்கிருந்து திவா வரை 2022-இல் ஐந்தாம், ஆறாம் பாதைகளும் திறக்கப்பட்டன. ஒரு வண்டி போய்விட்டதென்று தண்டவாளத்தில் கால் வைப்பவனுக்கு, அடுத்த பாதையில் வரும் வண்டியை அறிவிப்பது அதன் ஊதலே. காதை அடைத்தவனுக்கு அதுவும் இல்லை. தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றமுமாகும். மேம்பாலம் இருக்கப் பாதையைக் கடப்பானேன்?

காதின் நலத்தையும் எண்ணவேண்டும். பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், 90 டெசிபலானால் நான்கு மணி நேரமே தகும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ரயில் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்வது பெற்றோர் கடமை.

அன்பர்களே, கருவியைத் துறக்கச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு காதில் மட்டும் அணியுங்கள்; ஓசையடக்கும் வசதியை அணைத்து வையுங்கள்; சாலையிலும் ரயில் நிலையத்திலும் நடக்கும்போது கழற்றிப் பையில் வையுங்கள்; முதியவர் அறைக்குள் வந்தால் பேச்சைச் சற்று நிறுத்தி, என்ன வேண்டுமென்று கேளுங்கள்.

தாயார் ஊர் திரும்பிவிட்டார். இரவு எட்டு மணிக்கு அவர் குரல் என் வலக்காதில் ஒலிக்கிறது. இடக்காது இப்போது வீட்டாருக்கென்று திறந்தே இருக்கிறது.