பட்டயம் படிக்காதவர்கள் நடத்தும் மஹல்லா நூலகம்

பள்ளிவாசல் மாடி அறையில் நூலகம் திறப்பதென்று ஜமாஅத்தில் முடிவானதும் சாவி எங்கள் நால்வரிடம் வந்தது. நூலக அறிவியல் படித்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. "ஹஸ்ரத் நிறைய கிதாபு பார்த்தவர், அவருக்குத் தெரியும்" என்றார்கள். கிதாபு பார்ப்பது வேறு, கிதாபைக் காப்பது வேறு என்பது பிறகுதான் புரிந்தது.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனபோது கணித ஆசிரியர்தான். ஆளரவமற்ற அந்த வேலை பிடிக்காமல் கல்லூரிக்கே திரும்ப நினைத்தவர். லண்டன் சென்று படித்து, பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய பிறகு நிலைமை மாறியது. 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுவதற்கே என்பது.

அந்த விதியை நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டோம். கேட்டவருக்கெல்லாம் நூலைக் கொடுத்தோம், எழுதி வைக்கவில்லை. நம் ஆட்கள்தானே என்ற எண்ணம். ஓராண்டில் அலமாரி இளைத்துவிட்டது. அதன் பிறகே நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கினோம். வரும் ஒவ்வொரு நூலுக்கும் வரிசை எண், வந்த தேதி, தந்தவர் பெயர் ஆகியவற்றை அதில் எழுதுகிறோம். அன்பளிப்பா, வக்ஃபா, இரவலா என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. வக்ஃப் என்றால் தந்தவர் விதித்த நிபந்தனையைப் பேண வேண்டும். பழசாகிவிட்டது என்று நம் இஷ்டத்திற்கு எடைக்குப் போட முடியாது.

அடுத்த சிக்கல் அடுக்குவது. டியூவி தசம முறையில் இஸ்லாத்துக்கு 297 என்ற ஒரே எண். பொது நூலகத்தில் அது ஒரு தட்டு. எங்களிடமோ முக்கால்வாசி அறையே 297! உட்பிரிவுக்குப் போனால்தான் வழி பிறந்தது: குர்ஆன் 297.122, தஸவ்வுஃப் 297.4, நபிகளாரின் வரலாறு 297.63. உண்மையில் இப்படிப் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. பக்தாதில் புத்தகத் தொழில் செய்த இப்னு நதீம், ஹிஜ்ரி 377-இல் தொகுத்த 'ஃபிஹ்ரிஸ்த்' நூல் பட்டியலைப் பத்துப் பெரும் பிரிவுகளாக வகுத்திருக்கிறார். மதரஸா கிதாபு அலமாரிகளிலும் ஃபன் வாரியாகத்தானே அடுக்குகிறோம்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது எழுத்துக்கூட்டல். முஹம்மது, முகம்மது, முஹம்மத், புகாரி, புஹாரி, ஹதீஸ், ஹதீது. ஒரே ஆசிரியரின் நூல்கள் பட்டியலில் மூன்று இடங்களில் கிடந்தன. இருக்கும் நூலை இல்லை என்று சொல்லிப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். இப்போது ஒரு வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற வடிவங்களுக்கு நேரே 'இதைப் பார்க்க' என்று எழுதிவிடுகிறோம். கணினியில் ஏற்றினாலும் இந்த வேலையை முதலில் முடிக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் கோஹா மென்பொருள் நல்லதுதான். ஆனால் சில நூறு நூல்களுக்கு எக்செல் அட்டவணையே போதும் என்பது எங்கள் கருத்து.

சொல்லக் கஷ்டமான ஒன்றும் உண்டு. மஹல்லாவில் ஒரு குடும்பத்தார், தங்கள் பாட்டியார் ஓதிய அரபுத்தமிழ் நூல்களை ஒரு பெட்டி நிறையத் தந்தார்கள். வாசிப்பார் இல்லை என்று அவற்றைக் கீழ்த்தட்டில், சுவரோடு ஒட்டி வைத்தோம். மழைக்காலம் முடிந்து எடுத்தபோது ஈரமும் கரையானும் பாதியைத் தின்றிருந்தன. மறுபதிப்பு வராத நூல்கள் அவை. குடும்பத்தாரிடம் போய்ச் சொன்னோம். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. இப்போது அலமாரிக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுகிறோம், அடித்தட்டு தரையில் படுவதில்லை, வாரம் ஒருமுறை துணியால் தூசி தட்டுகிறோம். எஞ்சியவற்றைப் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படமெடுத்துவிட்டோம்.

திறக்கும் நேரத்தையும் மாற்றினோம். மஃக்ரிபுக்குப் பிறகு மட்டும் திறந்திருந்த வரை ஆண்கள்தான் வந்தார்கள். ஞாயிறு காலையைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்கி, வெளிப்படிக்கட்டு வழியைத் திறந்துவிட்டோம். முதல் மாதத்திலேயே குழந்தைகள் நூல் தட்டு காலியானது. எல்லாம் நோட்டில் எழுதி எடுத்துச் சென்றவைதான். மீலாது மாத வசூலில் ஒரு பங்கை இந்த ஆண்டு அந்தத் தட்டுக்கே கேட்டிருக்கிறோம்.