பார்சிலோனாவுக்கு இரண்டாம் பயணம்: மூன்று நாளில் எதைப் பார்ப்பது?

ஒரு நகரத்துக்கு முதல் தடவை போகிறவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட ஆசைப்படுவார்கள். காலையில் ஒரு கோபுரம். மத்தியானம் ஒரு மாளிகை. மாலையில் ஒரு பூங்கா. ஊர் திரும்பியதும் எதை எங்கே பார்த்தோம் என்பதே மறந்துபோகும்!

இரண்டாம் தடவை போகிறவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. மூன்று நாட்கள் இருந்தாலும் போதும். ஆனால் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு புறப்பட வேண்டும்.

அப்படி மறுபடியும் போய்ப் பார்க்கத் தகுந்த நகரம் பார்சிலோனா. ஸ்பெயின் நாட்டில், மத்தியதரைக் கடல் ஓரத்தில் இருக்கிறது. 16 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வசிக்கிறார்கள். கட்டிடக் கலைக்குப் பேர் போன ஊர். 2026-ம் ஆண்டுக்கு "உலகக் கட்டிடக் கலைத் தலைநகர்" என்று யுனெஸ்கோ தேர்ந்தெடுத்ததும் இந்த ஊரைத்தான்.

முதல் தடவை போனவர்கள் பெரும்பாலும் நான்கு இடங்களைப் பார்த்திருப்பார்கள். சக்ராடா பமீலியா தேவாலயம், குவெல் பூங்கா, பாத்லோ மாளிகை, மிலா மாளிகை. நான்கும் ஒரே மனிதரின் கைவண்ணம். அவர் பெயர் அந்தோனி கவுடி.

இந்த நான்கில் மூன்றை இரண்டாம் பயணத்தில் விட்டுவிடலாம். தேவாலயத்தை மட்டும் விடக் கூடாது. ஏன் தெரியுமா? முதல் தடவை பார்த்த தேவாலயம் இப்போது அங்கே இல்லை! அது வளர்ந்துவிட்டது.

முதல் நாள்: வளரும் கோவில்

"சக்ராடா பமீலியா" என்றால் திருக்குடும்பம் என்று பொருள். அதாவது ஏசுநாதர், மரியாள், சூசையப்பர். இந்தத் தேவாலயத்துக்கு 1882-ம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. மறு ஆண்டு கவுடி பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 31.

மொத்தம் 18 கோபுரங்கள் என்பது திட்டம். அவர் இறக்கும்போது முடிந்திருந்தது ஒரே ஒரு கோபுரம்!

1936-ம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. கவுடியின் தொழிற்கூடத்துக்குத் தீ வைத்தார்கள். வரைபடங்கள் எரிந்தன. சுண்ணத்தில் செய்து வைத்திருந்த மாதிரிகள் நொறுங்கின. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, ஒட்டி, அளந்து பார்த்துத்தான் பின்னால் வந்தவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.

2010-ம் ஆண்டு போப்பாண்டவர் 16-ம் பெனடிக்ட் வந்து தேவாலயத்தை அர்ப்பணித்தார். 2021-ம் ஆண்டு மரியாள் கோபுரம் முடிந்தது. உச்சியில் ஒரு பெரிய நட்சத்திரம். இரவில் அதில் விளக்கு எரிகிறது. 2023-ம் ஆண்டு, நற்செய்தி எழுதிய நால்வரின் கோபுரங்களும் முடிந்தன.

2025-ம் ஆண்டு அக்டோபரில் நடு நாயகமான ஏசு கோபுரம் இன்னும் மேலே எழும்பியது. உலகத்திலேயே உயரமான தேவாலயம் என்ற பெயர் பார்சிலோனாவுக்கு வந்தது. அதுவரை அந்தப் பெருமை ஜெர்மனியில் உள்ள உல்ம் நகரத் தேவாலயத்துக்கு இருந்தது. அதன் உயரம் 161.53 மீட்டர்.

ஏசு கோபுரத்துக்குக் கவுடியின் திட்டப்படி முழு உயரம் 172.5 மீட்டர். ஊருக்குள் மோன்ட்ஜுயிக் என்று ஒரு குன்று இருக்கிறது. அதைவிட இது சற்றுக் குறைவு. மனிதன் கட்டுவது கடவுள் கட்டியதைவிட உயரமாக இருக்கக் கூடாது என்பது கவுடியின் எண்ணம்.

எந்த நேரத்தில் போவது?

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. தேவாலயத்தின் ஒரு பக்கம் நீலமும் பச்சையுமாக வண்ணக் கண்ணாடிகள். எதிர்ப் பக்கம் சிவப்பும் ஆரஞ்சும். காலை வெயிலில் உள்ளே இருப்பவர்களுக்குக் கடலுக்குள் நிற்பது போல் இருக்கும். சாயங்கால வெயிலில் நெருப்பு மூண்டது போல் இருக்கும்.

முதல் பயணத்தில் காலையில் போனவர்கள், இந்த முறை மாலையில் போகலாம். மாலையில் போனவர்கள் காலையில் போகலாம். டிக்கெட்டை முன்னதாகவே வாங்கிவிட வேண்டும். அதில் குறித்த நேரத்துக்குத்தான் உள்ளே விடுவார்கள்.

தூண்களை அண்ணாந்து பார்க்க வேண்டும். அவை மரங்களைப் போல மேலே போய்க் கிளை பிரிகின்றன. கட்டிடத்தின் பாரம் கிளை வழியாக இறங்கி, அடிமரத்துக்கு வந்து, தரையில் சேருகிறது.

கீழே உள்ள நிலவறையில் கவுடியின் சமாதி இருக்கிறது.

பிச்சைக்காரர் என்று நினைத்தார்கள்!

அவர் இறந்த விதம் பரிதாபமானது.

1926-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி. வழக்கம்போல் பிரார்த்தனைக்காக நடந்து போய்க்கொண்டிருந்தார், கவுடி. வயது 73. டிராம் வண்டி மோதிக் கீழே விழுந்தார். நைந்த உடை. சட்டைப் பையில் அடையாளச் சீட்டு எதுவும் இல்லை. யாரோ பிச்சைக்கிழவர் என்று நினைத்தார்கள். டாக்சிக்காரர்கள் ஏற்றிக்கொள்ள மறுத்தார்கள். கடைசியில், ஏழைகளுக்கு வைத்தியம் செய்யும் சாந்தா கிரேயு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

மறுநாள்தான் அவர் யார் என்று தெரிந்தது. 10-ந் தேதி உயிர் பிரிந்தது. சவ ஊர்வலத்தில் ஊரே திரண்டது.

அந்தப் பழைய ஆஸ்பத்திரிக் கட்டிடம் இன்றும் இருக்கிறது. கட்டத் தொடங்கியது 1401-ம் ஆண்டு. இப்போது அங்கே கட்டலோனியா நூலகம் இயங்குகிறது. நோயாளிகள் படுத்திருந்த கல் வளைவு மண்டபங்களில் இப்போது புத்தகங்கள்! முற்றத்தில் ஆரஞ்சு மரங்கள். முதல் பயணத்தில் பலரும் இதைக் கவனிக்காமல் கடந்து போயிருப்பார்கள்.

பூங்காவா? ஆஸ்பத்திரியா?

அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குப் பதிலாகக் கட்டப்பட்டது, சான்ட் பாவ் ஆஸ்பத்திரி. தேவாலயத்தில் இருந்து கவுடி சாலை வழியாக நேரே நடந்தால் 15 நிமிடத்தில் போய்விடலாம். முதல் நாள் மாலைக்கு இது ஏற்ற இடம்.

இதைக் கட்டியவர் லூயிஸ் டொமெனெக் என்ற நிபுணர். வேலை தொடங்கியது 1902-ம் ஆண்டு. முடிந்தது 1930-ம் ஆண்டு. ஒரே கட்டிடமாகக் கட்டாமல், தோட்டத்துக்கு நடுவே தனித்தனி மண்டபங்களாகக் கட்டினார். ஒரு வார்டில் இருக்கும் நோய் அடுத்த வார்டுக்குப் பரவக் கூடாது. எல்லோருக்கும் வெயிலும் காற்றும் வேண்டும். மழையில் நனையாமல் நோயாளிகளைக் கொண்டுபோக, மண்டபங்களை இணைத்துப் பூமிக்கு அடியில் சுரங்கப் பாதை.

சுவரிலும் கூரையிலும் பூப்போட்ட ஓடுகள். கழுவிவிட வசதி. நோயாளியின் கண்ணுக்கும் குளிர்ச்சி. அழகும் ஒரு மருந்து என்று நினைத்தார், டொமெனெக்.

2009-ம் ஆண்டு வரை இங்கே நோயாளிகள் படுத்திருந்தார்கள். பிறகு பக்கத்தில் புதிய கட்டிடத்துக்கு மாறினார்கள். பழைய மண்டபங்கள் செப்பனிடப்பட்டு, 2014-ம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன.

இரண்டாம் நாள்: தலைகீழ் வித்தை

இரண்டாம் நாள் காலையில் ஊரைவிட்டு வெளியே போகலாம். எஸ்பான்யா சதுக்கத்தில் ரயில் ஏறினால் சுமார் 20 நிமிடம். இறங்கும் இடம், குவெல் காலனி.

குவெல் என்பவர் நெசவாலை முதலாளி. ஆலைத் தொழிலாளர்களுக்காக இந்தக் குடியிருப்பை அமைத்தார். வீடுகள், பள்ளிக்கூடம் எல்லாம் கட்டினார். தேவாலயம் கட்டும் பொறுப்பைக் கவுடியிடம் கொடுத்தார்.

கவுடி உடனே கட்டத் தொடங்கவில்லை. கூரையில் இருந்து நூல்களைத் தொங்கவிட்டார். அவற்றில் ஈயக் குண்டுகள் போட்ட சின்னச் சின்னப் பைகளைக் கட்டினார். இப்படியே பல வருடங்கள்!

என்ன வேடிக்கை இது? வீட்டில் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் இரு கையில் பிடித்தால், நடுப்பகுதி வளைந்து தொங்கும். அந்த வளைவை அப்படியே தலைகீழாகத் திருப்பினால், அதுதான் உறுதியான தோரண வளைவு! தொங்கும் சங்கிலியில் இழுப்பு மட்டும் உண்டு. கவிழ்த்துக் கட்டிய கல் வளைவில் அழுத்தம் மட்டும் உண்டு. கல் அழுத்தத்தைத் தாங்கும். இழுத்தால்தான் விரிசல் விடும்.

பைகளின் எடை, கட்டிடத்தின் பாரத்துக்குக் கணக்கு. தொங்கும் நூல்களைப் புகைப்படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். கட்டிடத்தின் வடிவம் கிடைத்துவிட்டது.

கடைசியில் கீழ்த்தளம் மட்டுமே முடிந்தது. 1914-ம் ஆண்டு வேலை நின்றுபோனது. ஆனால் இங்கே கற்ற வித்தையைத்தான் பெரிய தேவாலயத்தில் கையாண்டார். அதனால், முதல் நாள் அண்ணாந்து பார்த்த தூண்களின் இரகசியம் இரண்டாம் நாள் விளங்கும்.

திரும்பி வந்து எஸ்பான்யா சதுக்கத்தில் இறங்கியதும், பக்கத்திலேயே ஒரு சிறு மண்டபம். 1929-ம் ஆண்டுப் பொருட்காட்சிக்காக ஜெர்மானிய நிபுணர் மீஸ் வான் டெர் ரோ அமைத்தது. பளிங்கு, கண்ணாடி, எஃகு. அவ்வளவுதான். ஒரு பூவேலைகூடக் கிடையாது! 1930-ம் ஆண்டு பிரித்துவிட்டார்கள். 1986-ம் ஆண்டு அதே இடத்தில், அதே போல மறுபடியும் கட்டினார்கள்.

மூன்றாம் நாள்: வெட்டிய மூலைகள்

மூன்றாம் நாள் வீதிகளை மட்டும் பார்க்கலாம். இதற்கு டிக்கெட் இல்லை.

19-ம் நூற்றாண்டின் நடுவில், பார்சிலோனா மதில் சுவருக்குள் நெருக்கியடித்துக் கிடந்தது. காலரா வாட்டியது. 1854-ம் ஆண்டு மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். வெளியே புது ஊர் அமைக்கத் திட்டம் போட்டுக் கொடுத்தவர், இல்டெபோன்ஸ் செர்தா என்ற என்ஜினீயர். தொழிலாளர்கள் எப்படி வாழ்கிறார்கள், வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கணக்கெடுத்த பிறகே திட்டம் போட்டார்!

ஒவ்வொரு சதுர மனையும் பக்கத்துக்கு 113 மீட்டர். வீதியின் அகலம் 20 மீட்டர். நாலு மூலைகளும் வெட்டப்பட்டிருக்கும். வண்டிகள் திரும்ப வசதி. எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும்.

மனையின் இரண்டு பக்கம் மட்டும் வீடு, நடுவில் தோட்டம். இதுதான் செர்தாவின் ஆசை. மனைக்காரர்கள் விடவில்லை. நாலு பக்கமும் கட்டினார்கள். தோட்டத்தையும் அடைத்தார்கள். 1876-ம் ஆண்டு செர்தா இறந்தார்.

அவர் ஆசையில் ஒரு பகுதி தாமதமாக நிறைவேறியிருக்கிறது. கொன்செல் டி சென்ட் என்ற வீதியில் மோட்டார்களைக் குறைத்து, மரம் நட்டு, பெஞ்சு போட்டு, 2023-ம் ஆண்டு நடப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மாலையில் தாத்தா பாட்டிகள் அங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள்.

எங்கே தங்குவது?

இதைச் சற்று யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் பணம் கொழிக்கிறது. அதனால் பல வீடுகள் விடுதிகளாக மாறின. உள்ளூர்க்காரர்களுக்கு வாடகை ஏறியது. 2024-ம் ஆண்டு ஜூலையில் ஊர்வலம் நடத்தியவர்கள், ஓட்டல் வாசலில் உட்கார்ந்திருந்த பயணிகள் மீது விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள்!

இப்படி நாள் வாடகைக்கு விடப்படும் 10,101 வீடுகளின் உரிமங்களையும் 2028-ம் ஆண்டு நவம்பருக்குள் முடித்துவிடப் போவதாக மேயர் 2024-ல் அறிவித்தார். குவெல் பூங்காவுக்குப் போகும் 116-ம் நம்பர் பஸ்சில் உள்ளூர்க் கிழவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே கூகுள் வரைபடத்தில் இருந்தே அந்த பஸ்சை நீக்கச் செய்தார்கள்!

ஆகவே, ஓட்டலில் தங்குவது நல்லது. கூட்டமும் வெயிலும் மிகுந்த ஆகஸ்டு மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. பிக்பாக்கெட் உண்டு, பையைக் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

விசா விஷயத்தில் இந்தியர்களுக்கு ஒரு சலுகை உண்டு. முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசா பெற்று, முறையாகப் பயன்படுத்தியவர்கள், இரண்டு ஆண்டுக்குப் பல முறை போய்வரும் விசாவைப் பெற வழி உண்டு. இது 2024-ம் ஆண்டு ஏப்ரலில் வந்த விதி.

படிக்கட்டா? வீடா?

புறப்படும் முன் கடைசியாக ஒரு வீதி. பெயர், மயோர்கா. தேவாலயத்தின் தலைவாசல் இந்த வீதியைப் பார்த்துத்தான் அமைகிறது.

வாசலுக்கு முன்னால் பெரிய படிக்கட்டு வர வேண்டும், அது வீதியைத் தாண்டிப் போக வேண்டும், அதுதான் கவுடியின் திட்டம் என்கிறார்கள் கட்டுகிறவர்கள். அந்த இடத்தில் அடுக்கு மாடி வீடுகள் இருக்கின்றன. படிக்கட்டு வந்தால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேற வேண்டும். "காசு கொடுத்து வாங்கிய வீடு, ஏன் விட வேண்டும்?" என்று கேட்கிறார்கள் குடியிருப்போர். பல ஆண்டுகளாக நடக்கும் வழக்கு இது.

எதிர்ப்புறம் நின்று பார்த்தால் இரண்டும் தெரியும். ஒரு பக்கம் வானை முட்டும் கோபுரம். மறு பக்கம் மாடியில் துணி காயப்போடும் பெண்மணி.

தேவாலயம் பெரும்பாலும் டிக்கெட் பணத்தில்தான் கட்டப்படுகிறது. இரண்டாம் தடவை டிக்கெட் வாங்குகிறவர்கள், இரண்டாம் தடவையாக அந்தக் கட்டிடத்துக்குக் கல் எடுத்துக் கொடுக்கிறார்கள். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது நல்லது.