அயலார் கண்ணில் நாமும் நம் காப்பியும்

பிறந்த மண்ணைவிட்டுப் பிற நாட்டில் குடியேறுகிறவன் வீட்டுக்கு எழுதும் முதற் கடிதங்களில் மூன்று செய்திகள் பெரும்பாலும் இடம்பெறும். அவ்வூர் மக்கள் எப்படிப்பட்டவர்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், எதைக் குடிக்கிறார்கள் என்பனவே அவை. அரசியலும் பொருளாதாரமும் பிறகுதான் வரும்.

அயர்லாந்து நாட்டினர் தலைமுறை தலைமுறையாக ஆஸ்திரேலியாவுக்குச் சென்று குடியேறி வருகின்றனர். தேநீரிலேயே பழகிய அவர்கள், அங்கே தெருவுக்குத் தெரு காப்பிக்கடை இருப்பதையும், காப்பியின் பக்குவத்தைக் குறித்து மக்கள் மணிக்கணக்கில் பேசுவதையும் கண்டு வியக்கிறார்கள். அந்தக் காப்பிப் பழக்கமோ ஆஸ்திரேலியரின் பழஞ்சொத்து அன்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அங்குக் குடியேறிய இத்தாலியரும் கிரேக்கரும் அதனை வேரூன்றச் செய்தனர். நெருங்கிய நண்பனைக் கேலி செய்தே நட்பைக் காட்டுவது ஆஸ்திரேலியர் வழக்கம். அயர்லாந்தினருக்கும் அது பிறவிக்குணம். ஆதலால் சிரிப்பின் வழியே அவர்கள் அந்நாட்டாரோடு எளிதில் ஒட்டிக்கொள்கிறார்கள்.

அதே அயர்லாந்திலிருந்து 1842-இல் பிரசன்டேஷன் கன்னியர் சென்னைக்கு வந்து பெண்பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டத் தொடங்கினர். அவர்களுக்கு முன்னும் பின்னும் இத்தாலி, பிரான்சு, ஸ்காட்லாந்து முதலிய நாடுகளிலிருந்து எத்தனையோ பேர் நம்மிடையே வந்து வாழ்ந்தனர். நம் தருமபுரிச் சீமையும் இதற்கு விலக்கன்று. 1930-இல் சேலம் மறைமாவட்டம் அமைந்தபோது அதன் முதல் ஆயராக வந்தவர் பிரெஞ்சு நாட்டவரே. இவ்வாறு வந்தவர்களெல்லாம் நம்மிடம் எதைக் கண்டார்கள்? பிறருடைய கண்ணாடியில் நம் முகத்தைச் சற்றே பார்த்துக்கொள்வது நமக்கு நன்மை பயக்கும் என்று கருதி, இக்கட்டுரையை வாசக அன்பர்கள் முன் வைக்கிறோம்.

மன்றோ கண்ட மக்கள்

இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அன்று பாராமகால் எனப்பட்டது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-இல், திப்பு சுல்தானிடமிருந்து அது கும்பினியார் கைக்கு மாறியது. நிலவரியை ஒழுங்கு செய்ய வந்த காப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளருள் ஒருவர் தாமஸ் மன்றோ என்னும் ஸ்காட்லாந்து இளைஞர். ஏழாண்டுக் காலம் அவர் இங்கே ஊர் ஊராகக் கூடாரமடித்துத் தங்கினார், வயல்களை அளந்தார், குடியானவர்களோடு நேருக்கு நேர் பேசினார். தருமபுரியில் தோட்டம் போட்டு அதனை ஆசையோடு பேணினார். 1799-இல் இச்சீமையை விட்டு மாற்றலாகிச் சென்றபோது அவர் எழுதிய கடிதங்களில் பிரிவின் ஏக்கம் தென்படுகிறது.

மன்றோ வரி தண்ட வந்தவர். அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. எனினும் 1813-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றக் குழுவின் முன் அவர் கூறிய சாட்சியம் நினைவில் நிறுத்தத் தக்கது. இந்தியரை நாகரிகப்படுத்த வேண்டாமா என்ற கேள்விக்கு விடையாக, இந்நாட்டின் உழவுத் திறனையும், கைத்தொழிலையும், ஊர்தோறும் உள்ள பள்ளிகளையும், பெண்களை மதிக்கும் பாங்கையும், ஒருவரையொருவர் விருந்தோம்பும் பண்பையும் அவர் எடுத்துரைத்தார். நாகரிகம் என்பது இரு நாடுகளுக்குமிடையே வாணிகச் சரக்காகுமானால், அதனை இறக்குமதி செய்வதில் இங்கிலாந்துதான் இலாபமடையும் என்ற கருத்தில் நகைச்சுவை தோன்ற முடித்தார். இந்தச் சாட்சியத்துக்குப் பின்னே பாராமகால் குடியானவர்களின் திண்ணைகளும் நின்றன என்று நாம் பெருமை கொள்ளலாம்.

துபுவா கண்ட குவளை

பெருமையோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. மன்றோ பாராமகாலுக்கு வந்த அதே 1792-ஆம் ஆண்டில் பிரான்சிலிருந்து புறப்பட்டு வந்தவர் அபே துபுவா என்னும் மறைபரப்புக் குரு. 1799-க்குப்பின் அண்டையிலுள்ள மைசூர்ச் சீமையில் நெடுங்காலம் பணியாற்றினார். நம்மவர் உடையணிந்து, நம்மவர் வழக்கங்களை மேற்கொண்டு முப்பது ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தவர். இந்து மக்களின் பழக்கவழக்கங்களைக் குறித்து அவர் எழுதிய நூலின் கையெழுத்துப் படியைக் கும்பினியார் 1807-இல் 2,000 வராகன் கொடுத்து வாங்கினர் என்றால் அதன் மதிப்பை உணரலாம்.

துபுவாவின் பார்வை மன்றோவின் பார்வையைப்போல் கனிவானதன்று. பல இடங்களில் அவர் நம்மைக் கடுமையாகவே மதிப்பிட்டார். சில இடங்களில் அளவு மீறியும் எழுதினார். ஆயினும் உண்பதிலும் குடிப்பதிலும் அவர் கூர்ந்து கவனித்த ஒரு செய்தி உண்டு. குவளை உதட்டில் படாமல் உயரத் தூக்கி, அண்ணாந்து வாயில் ஊற்றிக் குடிக்கும் வழக்கமே அது. எச்சில் என்பதை நம்மவர் எவ்வளவு அஞ்சினர் என்பதை அவர் விரிவாக எழுதினார். தூய்மை பேணும் நல்ல பழக்கம் என்றே நாம் இதனைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம், அதில் தவறில்லை. ஆனால் அதே குவளையை யார் தொடலாம், யார் தொடலாகாது என்ற கணக்கும் அதனோடு சேர்ந்தே நடந்துவந்ததை, வெளியிலிருந்து வந்த கண் எளிதில் கண்டுகொண்டது.

வீரமாமுனிவர் கண்ட சிரிப்பு

இனி நகைச்சுவைக்கு வருவோம். ஒரு மொழியில் இலக்கணம் கற்பது எளிது. அம்மொழியில் சிரிக்கக் கற்பது அரிது. 1680-இல் இத்தாலியில் பிறந்து, நம் மண்ணில் தமிழ் கற்றுத் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், சிரிக்கவும் கற்றார். நம்மைச் சிரிக்கவும் வைத்தார். அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை பேச்சுவழக்குத் தமிழை ஐரோப்பியர் பயில்வதற்கும் உதவியது. 1822-இல் இலண்டனில் அச்சாயிற்று. பின்னர் 1826-இல் அதனைப் பிரெஞ்சு மொழியில் தந்தவர் மேற்சொன்ன துபுவாவே.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஆகிய ஐந்து சீடர்களும் குருவும் ஆற்றைக் கடந்த கதையை நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். கரையேறிய பின், எல்லாரும் வந்துவிட்டோமா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் மற்றவர்களை எண்ணித் தன்னை விட்டுவிடுகிறான். ஆறு பேர் ஐவராகிவிட, ஒருவனை ஆறு விழுங்கிவிட்டதென்று அழுகை தொடங்குகிறது. அவ்வழியே வந்த வழிப்போக்கன் ஒருவன்தான் ஒவ்வொருவரையும் தட்டி எண்ணிக் கணக்கை நேராக்குகிறான்.

இக்கதையில் நாம் கேட்டுச் சிரிப்பது பிறருடைய மடமையை அன்று. ஊராரின் குறைகளையெல்லாம் விரல்விட்டு எண்ணிவிட்டு, நம்மை மட்டும் எண்ணாது விடுகிற வழக்கம் நம் எல்லாரிடமும் உண்டு. அயலாராகிய வழிப்போக்கர் வந்து தட்டும்போதுதான் விட்டுப்போன எண் நினைவுக்கு வருகிறது.

காப்பி வந்த கதை

மன்றோவுக்கோ வீரமாமுனிவருக்கோ நம் வீடுகளில் யாரும் காப்பி கொடுத்திருக்க முடியாது. அன்று நம் சீமையில் வந்தவர்க்கு வழங்கியவை நீராகாரமும் மோரும் கேழ்வரகுக் கூழுமே. காப்பிச்செடி எத்தியோப்பியா நாட்டுக்குரியது. பாபா புதான் என்னும் முஸ்லிம் பெரியவர் பதினேழாம் நூற்றாண்டில் அரபு நாட்டிலிருந்து அதன் விதைகளைச் சிக்கமகளூர் மலைக்குக் கொண்டுவந்தார் என்பது வழிவழிச் செய்தி. நம் பக்கத்து ஏற்காட்டில் 1820-ஆம் ஆண்டளவில் அதனை அறிமுகப்படுத்தியவர் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்னும் துரை. இன்று நம் மாவட்டத்து வத்தல்மலையிலும் மலைவாழ் மக்கள் காப்பி பயிரிடுகிறார்கள்.

மலையில் விளைந்தபோதும் அது வீட்டுக்குள் நுழையப் பல பத்தாண்டுகள் ஆயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தமிழ்க் குடும்பங்களில் காப்பி பரவலாயிற்று. காப்பி உடலைக் கெடுக்கும், பணப்பையைக் கரைக்கும், நீராகாரத்தை ஒழித்துவிடும் என்று அந்நாளில் எச்சரித்தவர் பலர். எச்சரிக்கை தோற்றது, காப்பி வென்றது. வறுத்து அரைத்த தூளில் சிக்கரி கலந்து, வடிகட்டியில் இட்டு வெந்நீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்‌ஷனில் பொங்கிய பால் சேர்த்து, டவராவிலும் தம்ளரிலும் மாற்றி மாற்றி ஆற்றும்போது எழும் மணத்துக்கு அயல்நாட்டார் பலர் அடிமையாகிறார்கள். பால் இல்லாத வீட்டில் வெல்லமிட்ட வரக்காப்பி கிடைக்கும். வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பலாகாது என்பதே இரண்டிலும் உள்ள பண்பு.

எங்கிருந்தோ வந்த விதை, யாரோ நட்ட செடி, இன்று நம் விருந்தோம்பலின் அடையாளமாகிவிட்டது. ஆஸ்திரேலியருக்கு இத்தாலியர் தந்ததைப் போலவே நமக்கும் அயலார் தந்ததே காப்பி. அயலாரை ஏற்றதனால் நாம் இழந்தது எதுவுமில்லை.

இரண்டாம் குவளை

ஆனால் இந்தக் காப்பியிலும் தேநீரிலும் ஒரு கசப்பு கலந்துதான் வந்தது. கடையில் ஒரு சாராருக்கு ஒரு குவளை, மற்றொரு சாராருக்கு வேறு குவளை என்ற இரட்டைக் குவளை முறையைத் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955-இலும் 1989-இலும் அதற்கெனத் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அதன் பின்னரும், 2024 பிப்ரவரியில், நம் மாவட்டத்திலேயே மொரப்பூர்ப் பகுதிச் சிற்றூர் ஒன்றில், வயலில் உழைத்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் ஊற்றப்பட்டது என்ற புகார் எழுந்து, இருவர் கைது செய்யப்பட்டனர். அச்செய்தி நாடெங்கும் பரவியது. விருந்தோம்பலைப் புகழ்ந்த மன்றோவின் பாராமகால் இதுதானா என்று வெளியூரார் கேட்டால் நாம் என்ன விடை சொல்வது?

இப்போது பல கடைகளில் காகிதக் குவளை வந்துவிட்டது. எல்லார்க்கும் ஒரே வகைக் குவளை, குடித்ததும் எறிந்துவிடலாம். கண்ணுக்குத் தெரிந்த இரண்டாம் குவளை இதனால் மறைந்திருக்கலாம். நம் சமையலறை அலமாரியில், கூலியாள் வந்தால் எடுத்துக் கொடுப்பதற்கென்று ஓரமாக வைத்த தம்ளர் ஏதேனும் உண்டா என்பதை நாமே திறந்து பார்த்தால்தான் தெரியும். சமாரியப் பெண்ணிடம், அவள் குடத்திலிருந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டவரை ஆண்டவர் என்று அழைக்கும் நமக்கு இந்தச் சோதனை கூடுதலாகவே பொருந்தும்.

இன்று வந்துள்ள அயலார்

அயலார் வருகை நின்றுவிடவில்லை. 1997-இல் அமைந்த நம் தருமபுரி மறைமாவட்டத்தின் எல்லைக்குள், ஓசூர்த் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் வடமாநிலத்து இளைஞர் பலர் உழைக்கிறார்கள். நம் பிள்ளைகளோ பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்று அங்கே அயலாராக நிற்கிறார்கள். அவர்கள் தொலைபேசியில் பேசும்போது, அவ்வூரார் தங்களை எப்படி நடத்துகிறார்கள் என்றுதானே முதலில் கேட்கிறோம்? பீகாரிலோ ஒடிசாவிலோ இருக்கும் ஒரு தாயும் தன் மகனிடம் அதையே கேட்பாள். அவன் நம்மைப் பற்றி என்ன சொல்வான்?

அவனுடைய கொச்சைத் தமிழைக் கேட்டுச் சிரிப்பது எளிது. அவனும் சேர்ந்து சிரிக்கும்படி சிரிப்பதே நல்ல நகைச்சுவை. பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, சாப்பிட்டாயா தம்பி என்று நம் வழக்கப்படி விசாரித்து, வீட்டார் குடிக்கும் அதே தம்ளரில் ஒரு வாய்க் காப்பி கொடுத்தால் செலவு மிகச் சிறிது. இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் அப்படி ஒருவரை நம் குடும்பங்கள் அழைத்து வரலாம். வழிப்போக்கன் எண்ணும் கணக்கில் நாமும் சரியாக வருவோம்.