தெளிப்பான் வாங்கும் முன்

டீ ஆறுவதற்குள் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் வீட்டுப் புல்தரைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மொட்டைமாடித் தொட்டியிலிருந்தா, போர் மோட்டாரிலிருந்து நேராகவா? எந்த ஸ்பிரிங்க்ளர் நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். கடையில் எடுத்துக் காட்டுவது நல்ல சாமானாகவே இருக்கும். நம் வீட்டுக் குழாயில் அது ஓடுமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

தண்ணீர் 33 அடி உயரத்தில் நின்றால் கீழே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். மாடி வீட்டுத் தொட்டி 25 அடி உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். கிடைப்பது முக்கால் பார். தரைக்குள் பதுங்கியிருந்து தண்ணீர் வந்ததும் தலைதூக்கும் பாப்-அப் வகைக்கு 2 பார் வேண்டும். பல்சக்கரம் வைத்த ரோட்டருக்கு 3 பார் வரை. ‘டக் டக்’ என்று தட்டிச் சுழலும் வகையை 1933இல் கலிஃபோர்னியாவின் ஆர்ட்டன் எங்கல்ஹார்ட் உருவாக்கினார். அதுவும் நல்ல அழுத்தம் இருந்தால்தான் தட்டும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் தூவலாகச் சிதறாது, ஒரே வளையமாக விழும். சில வாரத்தில் அந்த வளையம் மட்டும் பச்சையாகவும், உள்ளும் வெளியும் பழுப்பாகவும் தெரியும். அழுத்தம் மிஞ்சினால் வேறு நஷ்டம்: தண்ணீர் பனிப்புகையாகிக் காற்றோடு போய்விடும்.

ஆகவே தொட்டித் தண்ணீர் என்றால் இரண்டே வழி. சின்ன பூஸ்டர் பம்ப் போடலாம். இல்லையென்றால், வெங்காயக் காட்டிலும் கடலைக் காட்டிலும் விரிக்கிறார்களே, பொடித்துளை போட்ட தட்டைக் குழாய், அந்த ரெயின் ஹோஸை விரிக்கலாம். குறைந்த அழுத்தத்திலேயே ஓடும். குடிநீர் இணைப்பில் மட்டும் மோட்டார் வைத்து இழுக்காதீர்கள். அது தெருவில் மற்ற வீட்டுக்காரர்களின் தண்ணீர்.

அடுத்தது அளவு. 20 லிட்டர் வாளியைத் தோட்டக் குழாயடியில் வைத்து முழுசாகத் திறந்துவிடுங்கள். ஒரு நிமிஷத்தில் நிறைந்தால் நிமிஷத்துக்கு 20 லிட்டர். அழுத்தம் நிற்க வேண்டுமே, அதனால் கணக்குக்கு 15 லிட்டர்தான் எடுங்கள். 15 அடிக்கு 15 அடிப் புல்தரையில் நாலு மூலைக்கும் கால்வட்டத் தெளிப்பான் வைத்தால், ஒவ்வொன்றும் மூன்றரை லிட்டராக மொத்தம் 14 லிட்டர் கேட்கும். இது சமாளித்துவிடும். இதே குழாயில் இன்னும் இரண்டைச் சேர்த்தால் ஆறும் சோர்ந்துவிடும். வால்வு வைத்து இரண்டு பகுதியாகப் பிரித்து ஓட்டுங்கள்.

மூலைக்கு ஒன்று எதற்கு, நடுவில் ஒன்று வைத்தால் போதாதா என்பார்கள். போதாது. தனித் தெளிப்பான் எதுவும் தன் வட்டம் முழுவதும் சமமாக நனைப்பதில்லை. ஓரம் காயும், சதுரத்தின் மூலையும் காயும். ஒன்றின் தண்ணீர் அடுத்ததன் காலடி வரை போய் விழ வேண்டும். கடையில் ‘15 அடி வீசும்’ என்றால் 15 அடிக்கு ஒன்று என்று வையுங்கள். 30 அடிக்கு ஒன்று வைத்துக் காசை மிச்சம் பிடித்தவர்கள் பிறகு கையில் குழாய் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பலரும் பார்க்காமல் விடுவது மண். மேலே சொன்ன அமைப்பு மணிக்கு 40 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். மணல் அதைக் குடித்துவிடும். களிமண் குடிக்காது, சில நிமிஷத்திலேயே தண்ணீர் நடைபாதையில் ஓடும். களிமண்ணுக்கு நான் சொல்வது, மெல்லிய தாரைகளாகச் சுற்றும் ரோட்டரி நாசில். மணிக்கு 10 மில்லிமீட்டர்தான் பொழியும், தண்ணீரும் கால்பங்கே கேட்கும். விலை கூடத்தான், ஆனாலும் என் ஓட்டு அதற்கே. இரண்டு வகையையும் ஒரே லைனில் கலக்கக் கூடாது. ஒருபக்கம் சேறாகும், மறுபக்கம் காயும்.

கோவைப் பக்கம் என்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் கணக்கில் வையுங்கள். ஆடியில் உயரமாக வீசும் தெளிப்பானின் தண்ணீர் பாதி காம்பவுண்டைத் தாண்டிவிடும். தாழ்வாக, பெரிய துளியாக வீசும் நாசில் கேளுங்கள். காற்று எழும் முன் விடிகாலையில் ஓட்டுங்கள். ராத்திரி ஓட்டினால் இலை ஈரமாகவே கிடந்து பூஞ்சை வரும்.

போர்த் தண்ணீரில் மணல் வரும், உப்பும் படியும். லைனின் தொடக்கத்தில் ஒரு சல்லடை ஃபில்டர் கட்டாயம். நாசில் அடைத்தால் ஊசியால் குத்தாதீர்கள்; துளை அகன்று வீச்சே மாறிவிடும். கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் உப்பு கரையும்.

எல்லாம் பொருத்திய பிறகு, வாயும் அடியும் ஒரே அகலமான டம்ளர்களைப் புல்லில் அங்கங்கே வைத்து, கால்மணி நேரம் ஓட்டி ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒன்றில் 10 மில்லிமீட்டர், இன்னொன்றில் 4 என்றால் கோணத்தையோ நாசிலையோ மாற்ற வேண்டும். கோடையில் புல்லுக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் வாக்கில் போதும். எத்தனை நிமிஷம் ஓட்டுவது என்பதும் அந்த டம்ளரிலேயே தெரிந்துவிடும்.