பந்தயப் பிள்ளைகள் – 6: தசம் ஒன்றுக்காக ஒரு பல்டி

பன்னிரண்டு மீற்றருக்குப் பன்னிரண்டு மீற்றர் தளம். அதன் மூலையில் ஒரு சின்னப் பிள்ளை வந்து நிற்கிறது. நடுவர் மேசையைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்த வேண்டும். அதன் பிறகு செய்வதெல்லாம் கணக்கில் சேரும். இசை ஒலிக்கும், ஆனால் அதில் பாட்டு வரிகள் இருக்கக் கூடாது. பெரிய பெண்களுக்கு 90 செக்கன் வரை. சிறுவர் போட்டிகளில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். அதற்குள் ஓட்டம், குத்துக்கரணம், கார்ட்வீல், ஒற்றைக் காலில் சுழற்சி, துள்ளல், தலைகீழாகக் கையில் நிற்பது, முடிவில் மறுபடியும் கை உயர்த்தல். பயிற்றுநர்கள் ரூட்டின் என்பது இதைத்தான். கஷ்டமான அசைவுகளெல்லாம் பிள்ளைக்கு நினைவிருக்கும். மறந்துபோவது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கை உயர்த்தல். கரணம் முடிந்த சந்தோசத்தில் அம்மா எங்கே இருக்கிறார் என்று தேடத் தொடங்கிவிடும்.

சென்ற வாரம் நீச்சல் போட்டிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பேலியகொடையிலிருந்து ஒரு தாய் அழைத்தார். மீன் சந்தைப் பக்கம் வீடு. களனிப் பாலத்து நெரிசலைத் தாண்டிக் கொழும்புக்குள் கொண்டுவந்துதான் மகளை வகுப்பில் விடுகிறார்.

“அக்கா, மகளுக்கு இப்ப ஆறரை வயசு. போன வருசம்தான் ஜிம்னாஸ்டிக்கில சேர்த்தனாங்கள். வாற தவணை போட்டியாம். ரூட்டின்ல ஒரு பின்பல்டி சேர்த்தால்தான் புள்ளி வரும் எண்டு சேர் சொல்றார். இவள் வீட்டில சோபாவில ஏறி நிண்டு பழகுறாள். எனக்கு நெஞ்சு பதறுது. விடுறதா, மறிக்கிறதா?”

போட்டிக்கு விடுங்கள், பல்டியை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றேன். தொலைபேசியில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ஏன் என்பதை இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் 14 வயது நாடியா கொமனெச்சி எடுத்த முழுப் பத்தைக் காட்டப் புள்ளிப்பலகையில் இடமில்லாமல், அது 1.00 என்று காட்டிய கதை பலருக்கும் தெரியும். அந்தப் பத்து 2006இல் கைவிடப்பட்டது அவ்வளவாகத் தெரியாது. இப்போது இரண்டு தனித்தனிக் கணக்குகள். ஒன்று, எவ்வளவு கஷ்டமானதைச் செய்தாய் என்பதற்கு. அதற்கு மேல் எல்லை கிடையாது. மற்றது, செய்ததை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாய் என்பதற்கு. அது பத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். முழங்கால் சற்று மடங்கினால் 0.1 போகும். பிழை பெரிதாகப் பெரிதாக 0.3, 0.5 என்று வெட்டுவார்கள். விழுந்தால் ஒரு முழுப் புள்ளி போய்விடும்.

சாதாரணப் பின்பல்டி, கையூன்றிப் பாய்ந்தாலும் ஊன்றாமல் சுழன்றாலும், பெரியவர்களின் விதிநூலில் ‘ஏ’ தரம். அதாவது மிகக் கீழ்த் தரம். பெறுமதி 0.1. சிறுவர் போட்டிகளின் விதிகள் நடத்துபவரைப் பொறுத்து மாறும். சிலவற்றில் குறித்த அசைவு இல்லாவிட்டால் தனியாக வெட்டும் உண்டு. ஆனாலும் எலும்புக்கூடு இதுதான். தசம் ஒன்றைப் பிடிக்கப் போய், முழங்கால் மடங்கி, பாதம் விரிந்து, இறங்கும்போது இரண்டு அடி தடுமாறி, ஐந்தாறு தசம் விடுவதை எத்தனையோ போட்டிகளில் பார்க்கலாம். விழுந்தால் கேட்கவே வேண்டாம். அந்தப் பயிற்றுநரின் புள்ளிக் கணக்கு, புள்ளிக் கணக்காகவே தேறாது.

பிறகு ஏன் சேர்க்கச் சொல்கிறார்கள்? பார்வையாளர் வரிசைக்காக என்பது என் அபிப்பிராயம். கார்ட்வீலுக்கு யாரும் கை தட்டுவதில்லை. பல்டி போட்டால் மண்டபம் திரும்பிப் பார்க்கும். அடுத்த மாதம் இன்னும் நாலு பிள்ளைகள் வகுப்பில் சேரும். எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளில் நடக்கும் உடற்பயிற்சிக் கண்காட்சியும் இதே கதைதான். வெயிலில், மெத்தையில்லாத புல்லில், மூன்று தட்டுக் கூம்பு கட்டி உச்சியில் மிகச் சின்னப் பிள்ளையை ஏற்றிக் கொடி பிடிக்க வைப்போம். பிரதம விருந்தினர் எழுந்து நின்று கை தட்டுவார். கீழ்த் தட்டில் நிற்பவனின் முதுகைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை.

நல்ல ரூட்டின் உருவாகும் விதம் வேறு, அது மெதுவானது. உதாரணத்துக்கு பீம். மரச்சட்டத்தின் அகலம் 10 சென்ரிமீற்றர், நீளம் 5 மீற்றர், உயரம் 125 சென்ரிமீற்றர். ஆறு வயதுப் பிள்ளை அதில் ஏறுவதற்கு முன் தரையில் ஒட்டிய நாடாவின் மேல் நடக்கும். பிறகு தரையோடு கிடக்கும் சட்டம், பிறகு முழங்கால் உயரம், ஓரங்களில் மெத்தை அடுக்கி. ஒவ்வோர் உயரத்திலும் அதே நடை, அதே திரும்பல். அசைவுகளைத் தனித்தனியாகப் பழகி, இரண்டு இரண்டாக இணைத்து, பாதி ரூட்டின், பிறகு முழு ரூட்டின். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் விழப் பழக்குவார்கள். கையை நீட்டி ஊன்றாமல், உடம்பை உருட்டி விழுவது. ஒரு வகுப்பு நல்லதா என்று பார்க்க முதல் மாதத்தில் பிள்ளை எத்தனை விதமாக விழப் பழகியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இதை விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. பரதநாட்டிய வகுப்பில் தட்டடவுக்கே மாதக்கணக்கில் செலவழிப்பதை எல்லாரும் ஏற்றுக்கொள்கிறோம். அடவு முடிந்து அலாரிப்பு, அதன் பிறகே மற்றவை. வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடத்திட்டத்தைத்தான் ஆடிக் காட்ட வேண்டும். தரம் ஒன்றில் வர்ணம் ஆடினால் கூடப் புள்ளி தாருங்கள் என்று எந்த அம்மாவும் கேட்டதில்லை.

ஜிம்னாஸ்டிக்கிலும் இப்படி இருந்தது. 1996 அட்லாண்டா வரை ஒலிம்பிக்கிலேயே கட்டாய ரூட்டின் உண்டு. உலகம் முழுவதும் எல்லாரும் அதே அசைவுகளை அதே வரிசையில் செய்ய வேண்டும். யாருடைய பாதம் நேராக இருக்கிறது, யாருடையது இல்லை என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். தொலைக்காட்சிக்கு அலுப்பாக இருந்ததோ என்னவோ, அதன் பிறகு எடுத்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு அது போனதில் எனக்குக் கவலையில்லை. சிறுவர்களுக்கு அது இன்னும் வேண்டும். அமெரிக்காவில் கீழ்ப்படிகளில் கட்டாய ரூட்டின் இன்றும் இருக்கிறது. உலகச் சம்மேளனமும் வயதுக் குழுக்களுக்கெனக் கட்டாயப் பயிற்சிகளோடு ஒரு திட்டத்தை வெளியிட்டு வைத்திருக்கிறது. நம் பயிற்றுநர்கள் புதிதாக எதையும் எழுதத் தேவையில்லை.

“இந்தியாவின் தீபா பல்டி அடித்துத்தானே பெயர் எடுத்தார்?” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை. திரிபுராவின் அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர் ஆறு வயதில் தொடங்கியவர். தட்டைப் பாதம். ஆரம்பத்தில் பழைய ஸ்கூட்டர் உதிரிப் பாகங்களால் செய்த உந்துபலகையில் பழகியவர். ஓடிவந்து, மேசையில் கையூன்றி எழும்பி, காற்றில் இரண்டு முறை முன்னோக்கிச் சுழன்று இறங்கும் ப்ரொடுனோவா என்ற பாய்ச்சலைத் தேர்ந்தெடுத்தார். உலகில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய பெண்களே அதைப் போட்டியில் செய்து முடித்திருக்கிறார்கள். 2014 கிளாஸ்கோ கொமன்வெல்த்தில் வெண்கலம். 2016 ரியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அந்தப் பாய்ச்சலின் கடினத்துக்கு மட்டும் 7.000, நேர்த்திக்கு 8.266, மொத்தம் 15.266. மற்றப் பாய்ச்சலையும் சேர்த்த சராசரி 15.066. வெண்கலம் வென்ற சுவிற்சர்லாந்துப் பெண்ணுக்கு 15.216. 0.15இல் பதக்கம் போனது.

வசதியில்லாத ஊரிலிருந்து வந்தவர், கடினப் புள்ளிக்கு எல்லை இல்லை என்ற விதியைச் சரியாகப் படித்து எடுத்த முடிவு அது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரியோவில் அவருக்கு 23 வயது. வகுப்பில் சேர்ந்து பதினேழு வருடம். அதற்குப் பிறகும் முழங்கால் சத்திரசிகிச்சையைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. யூடியூப்பில் அந்தப் பாய்ச்சலைப் பார்த்துவிட்டு ஏழு வயதுப் பிள்ளைக்குப் பல்டி பழக்குபவர்கள் அந்தப் பதினேழு வருடத்தைப் பார்ப்பதில்லை.

நம் நாட்டு உதாரணம் எனக்கு இன்னும் பிடித்தது. 2020 ஒக்ரோபரில் பேலியகொடை மீன் சந்தையைப் பூட்டவைத்த அதே கொரோனா, அடுத்த வருடம் சீனாவின் ஹாங்சோவில் நடக்கவிருந்த ஆசிய ஜிம்னாஸ்டிக் போட்டியையும் இல்லாமல் செய்தது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கான ஆசிய இடங்களை அங்கே தீர்மானிப்பதாக இருந்தது. அது முடியாமல் போனதால் 2019 ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியின் முடிவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். அதில் மில்கா கெஹானிக்கு இடம் கிடைத்தது. ஒலிம்பிக்கில் கால்வைத்த முதல் இலங்கை ஜிம்னாஸ்ட் அவர். ஒன்பது பேர் கொண்ட அணியின் கொடியை ஏந்திச் சென்ற இருவரில் ஒருவர். அப்போது வயது 18.

ஸ்டுட்கார்ட்டில் அவர் எந்தச் சாகசமும் செய்யவில்லை. பாய்ச்சல், ஏற்றத்தாழ்வுக் கம்பிகள், பீம், தளம் என்று நான்கையும் செய்து முடித்து, நான்கின் கூட்டுத்தொகையை வைத்திருந்தார். இடம் கொடுத்தபோது பார்த்தது அந்தக் கூட்டுத்தொகையைத்தான். ஒன்றில் உச்சம், மூன்றில் ஓட்டை என்றிருந்தால் பட்டியலில் பெயரே வந்திராது. உதிரி அதிர்ஷ்டம் என்று சிலர் சொன்னார்கள். அதிர்ஷ்டம் வந்தபோது கையில் நான்கு ரூட்டின் இருந்ததே, அதை யார் கொடுத்தது?

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாடியா இன்றைக்குப் பிறந்திருந்தால் 14 வயதில் ஒலிம்பிக்குக்குப் போயிருக்க முடியாது. 1981இல் குறைந்த வயதை 15 ஆக்கினார்கள், 1997இல் 16. ஏமாற்றியவர்களும் உண்டு: 2000 சிட்னியில் சீன அணி வென்ற வெண்கலம், ஓர் அங்கத்தவரின் வயது குறைவென்று தெரிந்து 2010இல் பறிக்கப்பட்டது. ஆக ஆறரை வயதுப் பிள்ளைக்குப் பெரிய மேடை வர இன்னும் பத்து வருடம் இருக்கிறது. எதற்கு இந்த அவசரம்?

உடம்பைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “பிள்ளை குட்டையாகிவிடுமா?” 2013இல் நிபுணர் குழுவொன்று அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, பயிற்சியால் வளர்ந்தபின் உயரம் குறைவதாகச் சொல்ல முடியாது என்ற முடிவுக்கு வந்தது. குட்டையானவர்களுக்கு இந்த விளையாட்டு வாய்ப்பதால் அவர்களே மேலே வருகிறார்கள். நாம் அதைத் தலைகீழாக விளங்கிக்கொள்கிறோம். கவனிக்க வேண்டியது மணிக்கட்டு. கையில் நிற்கும்போதும் பாயும்போதும் மணிக்கட்டுதான் உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. பெருவிரல் பக்கத்து முன்கை எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு இன்னும் மென்மையாக இருக்கும். அங்கே வலி என்று பிள்ளை இரண்டாம் முறை சொன்னால் தைலம் தேய்க்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். பின்னுக்கு வளையும் பிள்ளைகளின் கீழ்முதுகு வலியும் அப்படித்தான். “வலி வந்தால்தான் பயிற்சி” என்று சொல்லும் வகுப்பிலிருந்து அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

கதவு பூட்டிய வகுப்பும் வேண்டாம். இந்த விளையாட்டில் பயிற்றுநர் பிள்ளையைத் தொட்டுத் தாங்கித்தான் பழக்க வேண்டும். இடுப்பில் ஒரு கை, தோளில் ஒரு கை. தொட வேண்டிய தேவையையே துஷ்பிரயோகத்துக்கு மறைப்பாக்கியவர்கள் இந்த விளையாட்டில் இருந்திருக்கிறார்கள். அமெரிக்க அணியின் வைத்தியராக இருந்த லாரி நாசர் 2018இல் நீண்ட சிறைத்தண்டனை பெற்றார். அவரால் பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கானோர். பிரித்தானியாவில் 2022இல் வெளிவந்த வைற் அறிக்கை, பிள்ளைகளை நிறை பார்த்து அவமானப்படுத்தியது முதல் காயத்தோடு பயிற்சி செய்யவைத்தது வரை பக்கம் பக்கமாகப் பதிவு செய்தது. பெற்றோர் உட்கார்ந்து பார்க்க ஒரு வாங்கு போட மறுக்கும் மண்டபத்துக்கு நான் என் வீட்டுப் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

இனி, எங்கள் வீடுகளில் நடக்கும் ஒன்று. எட்டு, ஒன்பது வயது வரை சந்தோசமாக விடுவார்கள். பிள்ளை பெரியபிள்ளையானதும் “இனி அந்த உடுப்பு வேண்டாம்” என்று அம்மம்மா சொல்வார், அத்தோடு சரி. பத்து வயதுக்குள் எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். பயிற்றுநருக்கும் அது தெரியும். பதின்மூன்று வயதில் இந்தப் பிள்ளை இருக்காது என்று தெரிந்தால் அவர் ஏன் பதினாறு வயதுக்குத் திட்டம் போடப் போகிறார்?

டோக்கியோவில் ஜேர்மன் பெண்கள் கணுக்கால் வரை மூடிய உடுப்போடு இறங்கினார்கள். புள்ளி எதுவும் வெட்டப்படவில்லை. விதி அதை முன்பிருந்தே அனுமதித்திருந்தது. அதே அரங்கில் உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிற்றினா 46 வயதில், வளர்ந்த மகனுக்குத் தாயாக, பாய்ச்சல் மேசையை நோக்கி ஓடினார். அது அவருக்கு எட்டாவது ஒலிம்பிக். நீளக் காற்சட்டை போட்டுவந்த பிள்ளையைக் கொழும்பில் எந்த மண்டபமாவது திருப்பி அனுப்பினால், அந்தத் தடை எந்த விதியில் எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: சதுரங்கப் பலகைக்கு முன்னால் நான்கு மணி நேரம்)