கொப்பியில் வெறுமையாக இருந்த நான்காவது விடை

யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை. தரம் நான்கு வகுப்பின் கடைசி வாங்கில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். ஒரு சிறுமி எழுந்து அரைப் பக்கப் பந்தியொன்றைத் தடங்கலின்றி வாசித்தாள். கீழே நான்கு வினாக்கள். மூன்றுக்குச் சரியான விடை எழுதிவிட்டாள். நான்காவது, "அவன் ஏன் கவலைப்பட்டான்?" என்பது. அதற்கான காரணம் பந்தியில் நேரடியாகச் சொல்லப்படவில்லை. அவளது கொப்பியில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

மற்ற மூன்றையும் எப்படி எழுதினாய் என்று பிறகு கேட்டேன். வினாவில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடி, அது வரும் வசனத்தை அப்படியே பார்த்தெழுதியிருக்கிறாள். அதற்குக் கதை விளங்கத் தேவையில்லை. உண்மையைச் சொன்னால், நானும் பல கிரகித்தல் வினாக்களை இப்படித்தான் கடந்து வந்தேன்.

கிரகித்தலைச் சோதிக்கிறோம், கற்பிப்பது குறைவு. இது தோட்டப் பாடசாலைகளின் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் டொலோரஸ் டர்கின் நான்காம் தர வாசிப்பு வகுப்புகளை 4,469 நிமிடங்கள் அவதானித்து 1978-79இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிரகித்தலைக் கற்பிக்கச் செலவான நேரம் 20 நிமிடங்கள்தான்.

எப்படிக் கற்பிப்பது? 1984இல் பலின்சார், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள், சரளமாக வாசித்தும் விளங்கிக்கொள்ளத் திணறிய மாணவர்களுடன் ஒரு முறையைச் செய்து பார்த்தார்கள். ஒரு பந்தியை வாசித்ததும் அதைச் சுருக்கிச் சொல்ல வேண்டும், அதிலிருந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும், விளங்காத இடத்தைத் தெளிவாக்க வேண்டும், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வேண்டும். முதலில் ஆசிரியர் வாய்விட்டுச் செய்துகாட்டுவார். பிறகு பிள்ளைகள் மாறி மாறி ஆசிரியராவார்கள். அந்த மாணவர்களின் கிரகித்தல் நன்றாகவே முன்னேறியது.

டீச்சரின் அனுமதியோடு கரும்பலகையில் நான் நான்கு வசனம் எழுதினேன். "விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. மரமெல்லாம் ஈரம். அம்மா வெறும் வாளியோடு திரும்பி வந்தார். அப்பா கடைக் கொப்பியை எடுத்துப் பார்த்தார்." அப்பா ஏன் கொப்பியைப் பார்த்தார்?

அதே சிறுமி கையை உயர்த்தினாள். "மழைன்னா பால் வெட்ட ஏலாது. அம்மாவுக்குப் பேர் விழாது. கடையில கடன் எவ்வளவுன்னு பாக்குறாரு."

பேர் விழுவதென்றால் அன்றைய நாள் சம்பளம் பதிவாவது. கேகாலை இறப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊகிக்கும் திறன் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. 1988இல் ரெக்ட், லெஸ்லி நடத்திய ஆய்விலும் இப்படித்தான்: பேஸ்போல் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், அந்த விளையாட்டைப் பற்றிய பந்தியை, அதை அறியாத நல்ல வாசகர்களைவிட நன்றாக விளங்கிக்கொண்டார்கள். எனவே கடலைப் பற்றிய பாடமென்றால், வாசிக்குமுன் ஐந்து நிமிடம் கடலைப் பற்றிப் பேச வேண்டும். கடலைக் காணாத பிள்ளைகள் அந்த வகுப்பில் பலர்.

இன்னொன்று, அவள் பதில் சொன்ன தமிழ். "பாக்குறாரு இல்ல, பார்க்கிறார்" என்று அந்த நொடியில் திருத்தினால் அவள் மறுபடி பார்த்தெழுதப் போய்விடுவாள். புத்தக வசனத்தை யாரும் திருத்துவதில்லையே. கருத்தை முதலில் வாங்கிக்கொண்டு, எழுதும்போது திருத்தலாம்.

"பாடத்திட்டத்தை முடிக்க வேணுமே" என்றார் டீச்சர். இரண்டு தரங்களை ஒரே அறையில் வைத்துக்கொண்டு சமாளிப்பவர், அவர் சொல்வதும் நியாயம்தான். வாரத்துக்கு ஒரு பந்தி மட்டும் இப்படிச் செய்து பார்ப்பதாகச் சொன்னார்.

வீட்டில் செய்ய எழுத்தறிவுகூடத் தேவையில்லை. பிள்ளை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, "என்ன நடந்துச்சு, ஏன் அப்படி நடந்துச்சு?" என்று அம்மா கேட்டால் போதும்.