நம்மை நாமே திட்டிக்கிட்டா திருந்திடுவோமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் தொகுத்திருக்கிறோம்.)

இந்த எபிசோடு மூணு வாரம் லேட். மைக் ரெடி, குறிப்பு ரெடி, ஆனா நான் உட்காரவே இல்லை. முதல் வாரம் நிஜமாவே வேலை இருந்துச்சு. அடுத்த ரெண்டு வாரம், முதல் வாரம் பண்ணலையேங்கிற குற்ற உணர்ச்சியிலேயே போச்சு. இன்னிக்குப் பேசப் போறதும் இதைத்தான். ஒரு விஷயத்துல சறுக்கின பிறகு நம்மகிட்ட நாமே எப்படிப் பேசிக்கிறோம்? அந்தப் பேச்சு நம்மை எழுப்பி விடுதா, இன்னும் அமுக்குதா?

என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு எம்-த்ரீன்னு சொன்னாலே போதும். மத்தவங்களுக்காக: அது மூணாவது செமஸ்டர் கணக்குப் பேப்பர். முதல் தடவை ஃபெயில். சரி, நடக்கிறதுதான். ரெண்டாவது தடவையும் ஃபெயில். அப்போதான் தலைக்குள்ள ஒரு குரல் ஆரம்பிச்சுது. "வீட்ல கடன் வாங்கி ஃபீஸ் கட்டுறாங்க, நீ கேன்டீன்ல உக்காந்து டீ குடிக்கிற. நீயெல்லாம் ஒரு ஆளா?" அந்தக் குரலை நிறுத்தணும்னு எனக்குத் தோணவே இல்லை. அது இருந்தாதான் நான் படிப்பேன்னு நம்பினேன். அடியாத மாடு படியாதுன்னு கேட்டு வளர்ந்தவங்கதானே நாம.

மூணாவது தடவை ஃபீஸ் கட்டினேன், ஹால் டிக்கெட் வாங்கினேன், எக்ஸாமுக்குப் போகலை. ரிசல்ட்ல ஃபெயில்னு கூட வரலை. ஆப்சென்ட்.

அப்போ அதைச் சோம்பேறித்தனம்னு நினைச்சேன். இப்போ பார்த்தா வேற மாதிரி தெரியுது. அந்தப் புத்தகத்தைத் திறந்தாலே அந்தக் குரல் கேட்கும். அதனால புத்தகத்தைத் திறக்கலை. நான் ஓடினது கணக்கைப் பார்த்து இல்லை, கணக்கோட ஒட்டிக்கிட்டிருந்த அந்த அவமானத்தைப் பார்த்துதான். வேலையைத் தள்ளிப்போடுறதைப் பற்றி ஆராய்பவர்களில் பலர் சொல்வதும் இதுதான்: தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாத பிரச்சினை மட்டும் இல்லை, ஒரு மோசமான உணர்ச்சியிலிருந்து தற்காலிகமாகத் தப்பிக்கும் வழி.

கனடாவில் ஒட்டாவா நகரில் கார்ல்டன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மைக்கேல் வோல், டிமோத்தி பிச்சில் உள்ளிட்ட ஆய்வாளர்கள் முதலாமாண்டு மாணவர்கள் 119 பேரிடம் ஒரு ஆய்வு செய்து 2010இல் வெளியிட்டார்கள். செமஸ்டர் நடுவில் ரெண்டு தேர்வு. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், "சரி, பண்ணிட்டேன்" என்று தன்னை மன்னித்துக்கொண்டவர்கள் ரெண்டாவது தேர்வுக்கு முன்னாடி குறைவாகத் தள்ளிப்போட்டிருந்தார்கள். மன்னிக்கும்போது அந்தக் கசப்பு குறையுது, கசப்பு குறைஞ்சா அந்த வேலைக்குப் பக்கத்துல போக முடியுது. இது ஒரு காலேஜ்ல, ஒரு வகுப்புல கேள்வித்தாள் கொடுத்துச் செய்த சின்ன ஆய்வுதான். இதை வெச்சு உலக உண்மைன்னு போஸ்டர் அடிக்க முடியாது. ஆனா என் ஆப்சென்டுக்கு இதை விட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கலை.

இந்த இடத்துல உங்கள்ல பாதி பேர் கேட்பீங்க. "அப்போ எல்லாத்துக்கும் நம்மை மன்னிச்சுக்கிட்டே போனா சோம்பேறியா ஆகிட மாட்டோமா?" நியாயமான கேள்வி. நானே கேட்டிருக்கேன்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென். 2012இல் வெளியான ஆய்வு. மாணவர்களுக்கு முதலில் கஷ்டமான ஒரு சொல்லறிவுத் தேர்வு வைத்தார்கள். சொதப்பினவங்கள்ல ஒரு குழுவிடம், "இது பலருக்கும் கஷ்டமா இருக்கிற தேர்வு, உங்களை ரொம்ப வருத்திக்காதீங்க" என்று சொன்னார்கள். இன்னொரு குழுவிடம், "இந்த யுனிவர்சிட்டிக்குள்ள வந்திருக்கீங்கன்னா நீங்க புத்திசாலியாத்தான் இருக்கணும்" என்று சொன்னார்கள். மூன்றாவது குழுவிடம் எதுவும் சொல்லவில்லை. பிறகு இன்னொரு தேர்வு, படிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கலாம். அதிக நேரம் உட்கார்ந்து படிச்சது முதல் குழு.

புகழ்ந்தவங்களை விட, பரிவா பேசினவங்க பேச்சு வேலை செஞ்சிருக்கு. இந்த வித்தியாசம் முக்கியம். "நான் சூப்பர்"னு கண்ணாடி முன்னாடி நின்னு சொல்றது சுயமதிப்பு. (சுயமரியாதைன்னு சொன்னா நம்ம ஊர்ல அதுக்கு வேற பெரிய வரலாறு இருக்கு, அதனால அந்த வார்த்தையை இங்கே தொடலை.) சுயமதிப்பு ஜெயிக்கும்போது கூடவே இருக்கும். அரியர் லிஸ்ட் ஒட்டுற அன்னைக்கு ஆளைக் காணோம். பரிவு தேவைப்படுறதே அன்னைக்குத்தான்.

இந்தச் சுயபரிவை அளக்கிற மாதிரி ஒரு கேள்வித்தாளை 2003இல் உருவாக்கியவர் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நெஃப். அவர் இதில் மூணு விஷயம் இருக்குன்னு சொல்றார். அதை நான் என் ரூம்மேட்டை வெச்சே சொல்லிடறேன். ஆப்சென்ட் ஆன விஷயம் அவனுக்குத் தெரிஞ்ச ராத்திரி, திட்டுவான்னு நினைச்சேன். அவன் சொன்னது இவ்வளவுதான்: "போகலை, சரி. நம்ம பிளாக்ல பாதி பேருக்கு எம்-த்ரீ இருக்குடா. சாப்ட்டு வா மச்சி, ஃபூரியர் சீரிஸ்ல ஆரம்பிப்போம்."

"போகலை, சரி." நடந்ததை மறைக்கவும் இல்லை, ஊதிப் பெருசாக்கவும் இல்லை. "பாதி பேருக்கு இருக்கு." நான் மட்டும் தனியா ஒரு தீவுல இல்லை. "சாப்ட்டு வா." அது அன்பு. நெஃப் சொல்ற மூணும் அதுல இருக்கு. அவன் நெஃப் பேரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. நாம நண்பனுக்கு இதை யோசிக்காமலே செய்யறோம். நமக்குன்னு வரும்போதுதான் கம்பு எடுக்கறோம்.

இதுக்கும் கழிவிரக்கத்துக்கும் தூரம் அதிகம். கழிவிரக்கம் "எனக்கு மட்டும் ஏன் இப்படி"ன்னு கேட்கும். சாக்குச் சொல்றதும் இது இல்லை. "கொஸ்டின் பேப்பர் டஃப், வாத்தியார் சரியில்லை"ன்னு சொன்னா அங்கே மன்னிக்க எதுவுமே இல்லையே? தப்பு என்னுதுன்னு ஒத்துக்கிட்ட பிறகுதான் மன்னிப்புக்கு வேலை. உளவியலாளர் ஜூன் டாங்னியின் ஆய்வுகள் ரெண்டு உணர்வுகளைப் பிரிச்சுக் காட்டுது: "நான் தப்பு பண்ணிட்டேன்" ஒண்ணு, "நானே தப்பான ஆளு" இன்னொண்ணு. முதலாவது பெரும்பாலும் சரி செய்யத் தூண்டும். ரெண்டாவது ஒளிஞ்சுக்கத் தூண்டும். என் தலைக்குள்ள இருந்தது ரெண்டாவது. ஒரு வருஷம் அம்மாவோட போனைக் கூடச் சரியா எடுக்கலை.

அம்மாகிட்ட சொன்னது பாஸ் ஆன பிறகுதான். ஐம்பத்திரண்டு மார்க். "எனக்கு அப்பவே தெரியும்டா, உன் பேன்ட் பாக்கெட்ல ஹால் டிக்கெட் இருந்துச்சு"ன்னாங்க. ஏன் கேட்கலைன்னதுக்கு, "சாப்பாட்டைக் குறைச்சுட்டியே, அதுக்கு மேல என்னத்தைக் கேக்க"ன்னாங்க.

இப்போ நான் செய்யறது ரொம்பச் சின்னது. சொதப்பின அன்னைக்கு வாட்ஸ்அப்ல எனக்கு நானே ஒரு மெசேஜ் போட்டுக்கறேன், அந்த ரூம்மேட் போடுற மாதிரி. என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி, அடுத்து செய்யப்போற ரொம்பச் சின்ன வேலை ஒரு வரி. முதல்ல கூச்சமா இருக்கும். சில நாள் பழைய குரல்தான் ஜெயிக்கும். ரெண்டு வாரம் வீணாப் போன பிறகு, போன செவ்வாய்க்கிழமை நான் போட்டது: "தள்ளிப்போட்டுட்ட. முதல் ரெண்டு நிமிஷம் மட்டும் ரெக்கார்டு பண்ணு மச்சி."

ஒரு விஷயம் மட்டும் சீரியஸா. அந்தக் குரல் "நீ சரியில்லை"ங்கிறதைத் தாண்டி "நீ இருக்கவே வேண்டாம்"னு பேச ஆரம்பிச்சா, வாட்ஸ்அப் மெசேஜ் போதாது. 14416க்குக் கூப்பிடுங்க. டெலி-மானஸ், மத்திய அரசோட இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். பக்கத்துல இருக்கிற ஒரு ஆள்கிட்டயும் சொல்லுங்க.

அடுத்த எபிசோடுல தூக்கத்தைப் பற்றிப் பேசுவோம். ரெண்டு வாரத்துல வரும்னு சொல்லியிருக்கேன். பார்ப்போம்.